பவளம் அக்காவின் ‘ஏலாது’

லண்டன் குட்மேய்ஸ் வீட்டு அலுமாரியை ஒதுக்கும்போது பழைய கூட்டக் குறிப்பேடு ஒன்று அகப்பட்டது. நடுப்பக்கத்தில் மஞ்சள் கறை. மூக்கருகே கொண்டுபோனேன். கத்தரிக்காய்க் குழம்பு வாசம் இன்னும் இருக்கிறது, சத்தியம்! ஐயோ, அப்படிச் சொல்லக்கூடாது. நாங்கள் மெனனைட் கிறிஸ்தவர்கள், சத்தியம் பண்ணுவதில்லை. ஓம் என்றால் ஓம், இல்லையென்றால் இல்லை.

யாழ்ப்பாணத்தான் எப்படி மெனனைட் ஆனான் என்று கேட்பீர்கள். ஆயுதம் தொடாத சபை ஒன்று உலகத்தில் இருக்கிறதென்று கேள்விப்பட்டால், சண்டைக்குத் தப்பி ஓடிவந்தவர்கள் வேறு எங்கே போவார்கள்? ஒன்பது குடும்பங்கள் ஞாயிறுதோறும் வாடகை மண்டபத்தில் கூடினோம். மண்டபக்காரர், பதிந்த சபைகளுக்கு மட்டும்தான் இனி இடம் என்று சொல்லிவிட்டார். நாடு முழுவதற்குமான மெனனைட் சங்கம் எங்களைச் சேர்த்தால்தான் அந்தப் பதிவு கிடைக்கும்.

அந்தச் சங்கத்துக்கு பிஷப் கிடையாது, கைதூக்கும் வாக்கெடுப்பும் கிடையாது. ஆறு சின்னச் சபைகள், சபைக்கு இரண்டு பேர், வருடத்தில் ஒரு கூட்டம். எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை இருந்து பேசுவார்கள். ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் அவ்வளவுதான்.

அந்த வருடக் கூட்டத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து போனது இரண்டு பேர். பவளம் அக்கா அப்டன் பார்க்கில் தையற்கடை வைத்திருந்தவர், மனதில் பட்டதை மறைக்கத் தெரியாத மனுசி. அவருக்கு மொழிபெயர்க்க நான். பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் அடித்துப் பொறுக்கிய ஆங்கிலம்தான் என் தகுதி.

மத்தியானம் குளிர்ந்த சான்ட்விச் தந்தார்கள். பிறகு எங்கள் விஷயம். தலைமை வகித்த மார்கரெட் ஒவ்வொருவராகக் கேட்டுவந்தார். எல்லோரும் சம்மதம். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். கடைசியில் மரியாதைக்கு அக்காவையும் கேட்டார்.

“ஏலாது,” என்றார் அக்கா.

நான் அவர் காதருகே குனிந்தேன். “அக்கா, என்ன கதைக்கிறியள்?”

“குளிர்ந்த பாணைக் கடிச்சுக்கொண்டு ஒரு குடும்பமோ? சுடச்சுட ஒண்டா இருந்து சாப்பிடாட்டி நான் சேரமாட்டன். அப்பிடியே சொல்லடா தம்பி!”

அக்காவுக்கு முழுச் சம்மதம் என்று மொழிபெயர்த்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. பொய் சொல்லாத சங்கத்தில் பொய் சொல்லியா சேர்வது? அக்கா சொன்னதை அப்படியே சொல்லித் தொலைத்தேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை, அதுதான் பெரிய பகிடி! அவ்வளவு பேரும் முகம் இறுக ஒரு மணித்தியாலம் சாப்பாட்டைப் பற்றி ஆராய்ந்தார்கள். இனி ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒவ்வொரு சபை சுடச்சுடச் சமைப்பது என்று முடிவானது.

“இப்ப ஓம்,” என்றார் அக்கா. மார்கரெட் ஓடிவந்து அவரைக் கட்டிக்கொண்டார். என்னைக் குறிப்பெடுக்கும் செயலாளராகப் பிடித்துப்போட்டார்கள். அடுத்த வருடம் எங்கள் சமையல் முறை. கறை அன்றுதான் விழுந்தது. ஒரு ஸ்கொட்லாந்துக் கிழவர் மூக்கில் தண்ணீர் வடிய மூன்றாந்தரமும் சாப்பாட்டுக் கோப்பையை நீட்டினார். அப்படிச் சந்தோசமான கூட்டங்களை நான் பிறகு கண்டதில்லை.

வருடங்கள் போகப் போக சபைகள் ஒவ்வொன்றாக மெலிந்தன. பிள்ளைகள் ஊர்விட்டு ஊர் போனார்கள். கடைசிக் கூட்டத்துக்கு வந்தது ஐந்து பேர். சங்கத்தைக் கலைப்போமா என்று மார்கரெட் கேட்டார். நாலு பேர் சம்மதித்தோம். ஓம், நானும்தான்.

அக்கா சோற்றுச் சட்டியின் மூடியைத் திறந்தபடி, “ஏலாது. முதல்ல சாப்பிடுவம்,” என்றார்.

இந்தமுறை எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தோம். வயிறு முட்டச் சாப்பிட்டோம். திரும்ப ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

இன்று அக்காவும் இல்லை, மார்கரெட்டும் இல்லை. மண்டபம் இருந்த இடத்தில் ஜிம். குறிப்பேட்டின் கடைசி வரி மட்டும் என் கோணல் கையெழுத்தில் இருக்கிறது: ‘கலைப்பதற்கு ஒருவர் சம்மதிக்கவில்லை.’

விதிப்படி பார்த்தால் சங்கம் இன்னும் கலையவில்லை.