மீன் வறுத்துச் சேர்த்த பணம்

பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூர்ப் பள்ளியில், பிள்ளைகளுக்குக் கல்லூரி உதவித்தொகை தேடிக்கொடுப்பது வெர்னா கொவாலிக்கின் வேலை. "ஒண்ணையும் விடாதே, எல்லாத்துக்கும் எழுதிப் போடு" என்று விரட்டிக்கொண்டே இருப்பாள்.

அவள் விரட்டியதால்தான் மாணவி ஷெல்பி, ஊர்த் தீயணைப்புத் தொண்டர்கள் தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தாள். கிடைத்தது. கிறிஸ்தவர்கள் இறைச்சி தொடாத தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் அந்தத் தொண்டர்கள் எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று, கையெல்லாம் சுட்டுக்கொண்டு, மீன் வறுத்து விற்றுச் சேர்த்த இரண்டாயிரம் டாலர். விழாவில் கதவு அகலத்துக்கு ஓர் அட்டைக் காசோலையைக் கொடுத்துப் படமும் எடுத்தார்கள்.

அடுத்த வாரம் ஷெல்பி வந்து நின்றாள். "மிஸ், வெளியில பணம் கிடைச்சிருச்சுன்னு காலேஜ்ல அவங்க தர்ற உதவித்தொகையில ரெண்டாயிரத்தைக் குறைச்சுட்டாங்க. நான் கட்ட வேண்டியது அப்படியேதான் இருக்கு."

வெர்னா கல்லூரிக்கு ஃபோன் செய்தாள்.

"அது எங்க விதிமுறை, மேடம்," என்றார் உதவித்தொகை அதிகாரி. "அந்தப் பொண்ணுக்கு எங்க வாழ்த்தைச் சொல்லிடுங்க."

அந்த வாழ்த்தைத்தான் வெர்னாவால் பொறுக்க முடியவில்லை. ஷெல்பியிடம் அட்டைக் காசோலையை வாங்கி, அவள் பெயரை அடித்துவிட்டுக் கல்லூரியின் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதினாள். வண்டியில் போட்டுக்கொண்டு நேரே அந்த அதிகாரியின் அறைக்குள் நுழைந்தாள்.

"இந்தப் பக்கம் பிடிங்க," என்றாள்.

"எதுக்கு, மேடம்?"

"படம் எடுத்துத் தீயணைப்பு நிலையத்துல மாட்டணும். யாருக்காக மீன் வறுத்தோம்னு அவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"