தலைக்கு மேல் பிடித்த ஷூ

2025 அக்டோபர் 26, ஞாயிறு. வழக்கம்போல் ஐந்தரை மணிக்கு எழுந்து வீட்டுச் செருப்புகளுக்கெல்லாம் பாலிஷ் போட்டேன். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர் நான். பிறகு மனைவி கஸ்தூரியுடன் எங்கள் மனமகிழ் மன்றத்தின் தீபாவளி பிக்னிக்குக் கிளம்பினேன்.

மலையடிவாரத்தில் பிரியாணி வேகும் நேரத்தில் எல்லோரும் ஓடையைத் தாண்டி அக்கரைக்குப் போனோம். மேலே மழை கொட்டியிருக்க வேண்டும். திரும்பும்போது செந்நீர் தொடை வரை ஏறிவிட்டது. நடுவில் கால் வழுக்கிய கஸ்தூரி, பக்கத்தில் வந்த மன்றச் செயலாளர் பாஸ்கரை நோக்கிக் கை நீட்டினாள். அவரோ தன் புது ஷூவை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்தபடி கரையேறிவிட்டார். நான் பாய்ந்து சேலையைப் பற்றி இழுத்திராவிட்டால் அவள் இன்று இல்லை.

"இன்னா அண்ணி, ஓசியில குளியலா?" என்று சிரித்தார் பாஸ்கர். எனக்கு உடம்பெல்லாம் கொதித்தது.

அதற்குள் இங்கும் மழை பிடித்து அவர் ஷூ ஊறிவிட்டது. "சார், நீங்க ஷூ கம்பெனி ஆளாச்சே. இத எப்டி காய வைக்கிறது?" என்று என்னிடமே கேட்டார்.

"கொட்டாயில பிரியாணி அடுப்புத் தணல் இருக்குதே. ஒட்டி வெச்சிடுங்க, சீக்கிரம் காஞ்சிடும்" என்றேன்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் தோல் சுருங்கி, முனை வளைந்து, பலகைபோல் விறைத்துவிட்டது. வெறுங்காலோடு அவர் பஸ் ஏறியதை நிதானமாகப் பார்த்தேன். எனக்கு வருத்தமில்லை.

மழைக்காலத்தில் இப்போது எந்த ஓடையிலும் நாங்கள் இறங்குவதில்லை.

பிக்னிக் முடிந்த மறுநாள் காலை முதல் வேலையாக, கஸ்தூரியின் நனைந்த தோல் செருப்பைச் செய்தித்தாளில் சுற்றி, வெயிலோ நெருப்போ படாத நிழலில் காய வைத்தேன்.