பால்காரரின் தனி நாடகம்

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்த கையோடு அண்ணன் கூரையில் ஏறி அன்ரெனாக் குழாயைத் திருப்பும்போது எழும் ‘கிறீச்’ சத்தத்துக்கு எனக்குப் பல் கூசும். ஆனாலும் அதைக் கேட்டால்தான் பள்ளிமுனையில் எங்கள் வீட்டுக்கு ஞாயிறு. “தெரியுதோ?” என்று அவர் மேலிருந்து கத்துவார், “இல்லை, இன்னும் கொஞ்சம் கீரிக் கடற்கரைப் பக்கம்!” என்று நான் கீழிருந்து கத்துவேன், கடலுக்கு அந்தப் பக்கத்து இந்தியத் தொலைக்காட்சி ஒருவழியாகப் புள்ளிபுள்ளியாக வந்து சேரும்.

நாங்கள் ‘வாடகை வீடு’ என்று சொல்லும் நகைச்சுவை நாடகம் அதில்தான் போகும். ஒரு வீடு, நான்கு குடித்தனங்கள், ஒரேயொரு தண்ணீர்க் குழாய், வாரம் ஒரு சண்டை, அவ்வளவுதான் கதை. சண்டை முற்றும் நேரம் பார்த்து ஒரு பால்காரர் உள்ளே வருவார், எல்லாரையும் ஒருமுறை பார்ப்பார், பெருமூச்சு விடுவார், பாலை வைத்துவிட்டுப் போய்விடுவார். வாயே திறக்கமாட்டார். அண்ணனுக்கு அவர்மேல் அப்படியொரு பைத்தியம். அண்ணன் கடலால் வரும்போது நானும் அம்மாவும் பிடுங்குப்பட்டுக்கொண்டு நின்றால், மீன் பையை வைத்து, அதே பெருமூச்சை விட்டு, வந்த வழியே வெளியே போய்விடுவார். அப்பா இறந்தபின் அம்மாவைச் சிரிக்கவைத்தவர் அண்ணன் ஒருவர்தான்.

நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடம் கடலுக்குப் போன அண்ணன் திரும்பவில்லை. படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. அம்மா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். எங்கள் ஆட்கள் நேர்த்தி வைத்தால் இறைச்சியை விடுவார்கள்; அம்மா விட்டது ‘வாடகை வீட்டை’. “அவன் வந்தாப் பிறகு எல்லாரும் ஒண்டா இருந்து பாப்பம். அதுவரைக்கும் இந்த வீட்டில அது ஓடாது,” என்றார். இந்த நாடகத்தால் அந்தோனியாருக்கு என்ன லாபம் என்று நான் ஆத்திரத்தில் அழுதேன். நாங்கள் பார்க்காமலே நாடகம் ஓடி முடிந்தது.

மூன்று வருடம் கழித்து, அந்தப் பால்காரரை மட்டும் வைத்துப் புதிய நாடகம் வரப்போகிறது என்றார்கள். அம்மா திரும்பச் சிரிக்க இது போதும் என்று முழுதாக நம்பினேன். நேர்த்திதான் இடித்தது. பக்கத்து வீட்டு மாமி வந்து தீர்ப்புச் சொன்னார்: “நேர்த்தி வாடகை வீட்டுக்குத்தானே, பால்காரனுக்கு இல்லையே. அந்தோனியார் ஒண்டும் சொல்லமாட்டார், நீங்கள் பாருங்கோ.” அம்மா சுவரிலிருந்த அந்தோனியார் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “சரி, போடு,” என்றார். அன்று கூரையில் நானே ஏறினேன்.

எவ்வளவு மோசம்! வாய் திறக்காத மனுசன் அரை மணித்தியாலமும் ஓயாமல் கதைத்தார், மாமியாரோடு சண்டை பிடித்தார், வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தார். கறிக்கு உப்பாக இருந்தவரைச் சோறாகவே குவித்துப் போட்டிருந்தார்கள். நான் திரையை விட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சிரிக்க வேண்டுமென்று நானே பெரிதாகச் சிரித்தும் காட்டினேன். முடிந்ததும் அம்மா எழும்பி, “பாவம், இந்த மனுசனை ஏன் தனிய விட்டவை?” என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனார். பிறகும் வாரம் தவறாமல் பார்த்தார், ஒருமுறைகூடச் சிரிக்காமல். நல்லதை அண்ணனுக்காக வைத்துவிட்டு, நமக்கு இது போதும் என்று இருந்தார்.

இருபது வருடம் ஆகிறது. இப்போது எங்கள் தெருவில் ஒரு அன்ரெனாக் குழாய்கூட இல்லை. மாமி வீட்டார் வெளிநாடு போய்விட்டார்கள். ‘வாடகை வீடு’ முழுவதும் கைபேசியில் கிடக்கிறது. அம்மாவிடம் நான் அதைச் சொன்னதேயில்லை. போன ஞாயிறு பூசையால் வந்தவர், சீலைகூட மாற்றாமல் கதிரையில் இருந்துகொண்டு, “பிள்ளை, அந்தப் பழைய நாடகம் போனில வருதாம். போடு,” என்றார்.

“அண்ணா வந்தாப் பிறகெல்லோ, அம்மா…”

“காத்திருந்தது காணும் பிள்ளை. போடு.”

போட்டேன். முதல் சண்டையிலேயே அம்மா சிரித்தார், கதிரைப் பிடியைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வரும்வரை. சின்ன வயதில் எதற்காக ஏங்கினேனோ அந்தச் சிரிப்பு. ஆனால் இப்போது அது நின்றுவிடாதா என்று இருந்தது எனக்கு. பாகம் முடிந்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அடுத்ததையும் போடு,” என்றார்.