தையலம்மாள் போட்டுக்கொண்ட ஊசி

பண்டசோழநல்லூரில் கரும்பு ஆலை ஓடும் மாதங்களில் வெல்லக் கொப்பரையின் பக்கத்தில் தையலம்மாள்தான் நிற்பாள். ஆண்களே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அனல் அது. பாகைத் துழாவிப் பார்த்து அவள் "எறக்கு" என்ற பிறகே கொப்பரை இறங்கும். அப்படிப்பட்டவளுக்கு, ஐம்பதை நெருங்கும் வயதில், இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின மார்கழிப் பனியில், அடுப்பே இல்லாத இடத்தில் உடம்பு எரியத் தொடங்கியது.

நெஞ்சிலிருந்து குபீரென்று ஒரு சூடு கிளம்பி முகத்துக்கு ஏறும். சேலை தொப்பலாக நனையும். உடனே குளிரும். தூக்கம் போயிற்று. காரணமில்லாமல் அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. ஒருநாள் களத்து ஆட்கள் எல்லோரும் பார்க்க, குடத்துத் தண்ணீரைத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

"முனி அடிச்சிருக்குது அண்ணி" என்றாள் நாத்தனார் கலியம்மாள். பூசாரி வந்து வேப்பிலை அடித்துப் போனார். மறுநாளும் எரிந்தது.

"எனக்குள்ள வேற யாரும் இல்ல. இருந்தா எனக்குத் தெரியாதா? நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள் கணவர் மணவாளனிடம்.

"இன்னா புள்ள, இதுக்கெல்லாமா ஆஸ்பத்திரி?" என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைப் பூட்டினார். வில்லியனூர் வரை வண்டி, அங்கிருந்து ரயில்.

புதுச்சேரியில் மதலேன் என்ற டாக்டரம்மா இருந்தார். பிரெஞ்சு படித்த தமிழச்சி. நிதானமாகக் கேட்டுப் பரிசோதித்துவிட்டுச் சொன்னார்: "பேயும் இல்ல, பைத்தியமும் இல்ல. தீட்டு நிக்கிற காலம். இத்தனை வருஷமா உடம்புல ஊறிக்கிட்டிருந்த ஒண்ணு இப்போ குறையுது. அதையே ஊசிமருந்தா பிரான்சுலேருந்து அனுப்பறாங்க. எரிச்சல் அடங்கும். காலத்துக்கும் போட வேண்டியதில்ல. ஆனா மறுபடி உதிரம் பட்டா அன்னிக்கே வந்துடணும்."

"அத எதுலேருந்தும்மா எடுக்கறாங்க?"

"சினைக் குதிரையோட மூத்திரத்திலேருந்து."

தையலம்மாள் வாசலில் காத்திருந்த மணவாளனை எட்டிப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சிரித்தாள். "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. போடுங்கம்மா."

சில வாரங்களில் எரிச்சல் தணிந்தது, தூக்கம் திரும்பியது. நடுவில் ஒருமுறை உதிரம் பட்டபோது அன்றைக்கே ரயிலேறினாள். டாக்டரம்மா சோதித்துப் பார்த்து மருந்தின் அளவைக் குறைத்தார்.

யுத்தம் வந்தது. பிரான்சிலிருந்து கப்பல் வருவது நின்றது. அந்த நாட்களில்தான் கரும்பு வெட்டும் சாமிக்கண்ணுவின் மனைவி அமிர்தத்துக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சேதி வந்தது. வேர்த்துக் கொட்டுகிறதாம், தூங்குவதில்லையாம், புருஷனை அடிக்கப் பாய்கிறாளாம். பேயோட்டி வந்திருக்கிறானாம்.

தன் தெருப் பெண்கள் யாரும் கால் வைக்காத சேரிக்குள் தையலம்மாள் விறுவிறுவென்று நடந்தாள். அமிர்தத்தைக் கட்டிப்போட்டிருந்தார்கள். முதுகில் சவுக்குத் தடம். பேயோட்டி மறுபடி கையை ஓங்கினான். தையலம்மாள் குறுக்கே போய் நின்றாள்.

"நீங்க இங்க வரலாமாம்மா?" என்று பதறினான் சாமிக்கண்ணு.

அங்கே ஆண்கள் கூட்டமாக நின்றார்கள். பெண்கள் தங்களுக்குள்ளேயே கிசுகிசுக்கும் சொல்லை அவள் உரக்கச் சொன்னாள். "எனக்குத் தீட்டு நின்னப்போ எனக்கும் இப்படித்தான்டா எரிஞ்சுது! நான் பேயா? என்னையும் கட்டிப்போட்டு அடிங்க, பாக்கலாம்!"

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேயோட்டி சவுக்கைச் சுருட்டினான். தையலம்மாள் கட்டை அவிழ்த்து, தன் வண்டியை வரவழைத்து, அமிர்தத்தைத் தன் பக்கத்திலேயே உட்கார வைத்துக்கொண்டாள். அதற்காகத் தெருவில் என்னென்னவோ பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

புதுச்சேரியில் டாக்டரம்மா அமிர்தத்தைப் பரிசோதித்தார். அதே கோளாறுதான். "மருந்து கொஞ்சம்தான் மிச்சம் இருக்குது. உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருந்தேன்" என்றார்.

"இவளுக்குப் போடுங்கம்மா."

"உங்களுக்கு மறுபடி எரியுமே?"

"எரியட்டும். அது இன்னான்னுதான் எனக்குத் தெரிஞ்சுபோச்சே. இவ அடி வாங்கியிருக்கா."

எரிச்சல் திரும்பத்தான் செய்தது. வெயில் காலங்களில் மிகவும் பாடுபட்டாள். ஈரத்துணியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வேலை பார்த்தாள். ஒன்றிரண்டு வருஷத்தில் அது தானாக அடங்கிற்று. அமிர்தம் தேறி, அடுத்த பருவத்தில் கரும்புக் கட்டு சுமந்தாள்.

அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து பெண்கள் ஆலைப் பக்கம் வந்து, தையலம்மாளைத் தனியே அழைத்து ஏதோ கேட்பார்கள். அவர்கள் எவ்வளவு மெதுவாகக் கேட்டாலும், அவள் பதில் களம் முழுக்கக் கேட்கும்.