ரிவர்ஸ் சாரின் சிவப்புக் கயிறு

ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலை நீட்டிப் பிடித்தபடி தெரு நடுவே பின்பக்கமாகவே நடந்து வந்துகொண்டிருக்கிறார். சைக்கிள் மணி அடிக்கிறது, அவர் விலகவில்லை. தள்ளுவண்டிக்காரர் தலையில் அடித்துக்கொண்டு வண்டியை வளைக்கிறார். "ஒரு நிமிஷம், கூரை வரிசை முழுசா கண்ணுல விழட்டும்" என்கிறார், யாரையும் பார்க்காமல். வீடு கட்ட வரைபடம் போடுவது அவர் தொழில். தெரு அவருக்கு வைத்த பெயர் ரிவர்ஸ் சார். ஒரு வீட்டை முழு உயரத்துக்குப் பார்க்க வேண்டுமென்றால் பின்னால் போயாக வேண்டும். பின்னால் யார் வருகிறார்கள் என்பது மற்றவர்கள் கவலை.

"எங்க கல்யாண போட்டோவ எடுத்துப் பாருங்க. நான் கேமராவப் பாக்கறேன், இவரு மண்டபத்துத் தூணப் பாக்கறாரு" என்பார் அவர் மனைவி. போட்டோவை நானும் பார்த்திருக்கிறேன். சுமாரான தூண்தான்.

ஊருக்கெல்லாம் வீடு வரைந்தவருக்குச் சொந்த வீடு இல்லை. ஒரு ஜன்னல் கதவைக்கூட அனுமதியில்லாமல் மாற்ற முடியாத இந்தப் பழைய தெருவில்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, குட்டையான கிடங்கு ஒன்று இடிந்து கிடந்த மனையை வாங்கினார். பழைய தெருக்களைக் காக்கும் பாரம்பரியக் கமிட்டி முதல் வரைபடத்தைத் திருப்பி அனுப்பியது: அக்கம்பக்கத்து வீடுகளை அப்படியே காப்பியடித்திருக்கிறீர்கள், இது வேஷம் போட்ட வீடு. ரோஷம் வந்து, முழுக்கக் கண்ணாடியில் ஒன்று வரைந்துகொண்டு போனார். "இதென்ன சார், கல்யாண வீட்டுக்கு ஹெல்மெட் போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு" என்றாராம் கமிட்டித் தலைவி. இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பவரும் ரிவர்ஸ் சாரேதான்.

மூன்றாவது வரைபடத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல்களின் ஒல்லியான உடம்பை எடுத்துக்கொண்டார், பூவேலையை விட்டார். வெளியே சுண்ணாம்புப் பூச்சு, உள்ளே இரும்புச் சட்டம். மாடியில், தெருவைப் பார்த்து, உயரமான ஓர் அறை. அதை வரைவதற்குத்தான் இத்தனை வருஷம் தொழில் பழகியதாக நினைப்பு. "வீடு பக்கத்து வீட்டோட பேசணும். ஆனா அதே குரல்ல பேசக் கூடாது" என்பார். கேட்டுக் கேட்டு எங்கள் வீட்டுப் பூனைக்கே மனப்பாடம். மனைவி மட்டும் கறாராகச் சொல்லிவிட்டார்: "இதுதான் கடைசி. திரும்பி வந்தா மனைய வித்துட்டு ஃப்ளாட்டுக்குப் போயிடலாம். வாடகை வீட்ல ஆணி அடிக்க பயந்து பயந்தே எனக்கு வயசாயிடுச்சு."

இம்முறை கமிட்டி தலையாட்டியது. ஒரே ஒரு விதி பாக்கி: மனையின் மூலைகளில் கம்பம் நட்டு, வீடு வரப்போகும் உயரத்தில் சிவப்புக் கயிறு கட்ட வேண்டும். குறித்த கெடுவுக்குள் தெருவில் யாருக்கும் ஆட்சேபணை இல்லையென்றால் முத்திரை விழும். கட்டினார். யாரும் வாய் திறக்கவில்லை. கெடுவின் கடைசிச் சாயங்காலம், ஆசை தீர அழகு பார்க்கப் பின்னால் நடந்தார். தெருவைக் கடந்தார். எதிர்வீட்டு ஒற்றைப் படியை ஏறி, திறந்திருந்த வாசல் வழியாக முன்னறைக்குள்ளேயே வந்து, தையல் மெஷினில் இடித்துக்கொண்டு நின்றார்.

"வாங்க சார். வீடு அவ்ளோ பெருசா?" என்றார் தையல்காரம்மா. சட்டைக்குக் காலர் மாற்ற வந்திருந்த நான் சிரித்துவிட்டேன்.

ரிவர்ஸ் சார் சிரிக்கவில்லை. மேஜைமேல் விழுந்த வெயிலில் தையல்காரம்மா ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே சூரியன் சிவப்புக் கயிற்றுக்குக் கீழே நின்றது. வீடு எழும்பினால் இந்த வெயில் மாடி அறைக்குப் பின்னால் போய்விடும்.

"சொல்லியிருக்கலாமேம்மா?"

"எவ்ளோ நாளா அலையறீங்க, பாவம். நா லைட்டப் போட்டுக்கறேன், விடுங்க சார்."

அந்த அறைக்காக அவர் எத்தனை பென்சில் தேய்த்தார் என்று எனக்குத் தெரியும். தையல்காரம்மா சொன்னபடி விட்டுவிடுவார், விட்டுத் தொலைக்கட்டும் என்றே நான் வேண்டிக்கொண்டேன்.

நேராக முன்னால் பார்த்துத் தெருவைக் கடந்தார். ஏணியைக் கம்பத்தில் சாய்த்தார். "என்ன பண்றீங்க? கயிறு இறங்குனா மறுபடியும் கமிட்டிதான், தெரியுமில்ல?" என்று மனைவி ஓடிவந்தார். அவர் எதிர்வீட்டு ஜன்னலைக் கையால் காட்டினார். மனைவி ஜன்னலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், பிறகு ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ரிவர்ஸ் சார் மேலே ஏறி முடிச்சை அவிழ்த்தார். "எங்க நிறுத்தணும்னு சொல்லுங்கம்மா!" என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கத்திக்கொண்டே, கயிற்றை மெல்ல மெல்லக் கீழே இறக்கினார்.