முப்பதுக்கு மேல் அடிக்கமாட்டேன்

மாங்குளத்தில் ரயர் ஒட்டிக் காற்றடிக்கும் கடை வைத்திருக்கிறேன். பெண் ஒருத்திக்கு இது தேவையா என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எனக்கு வேலை கிடக்கிறது.

பூநகரியிலிருந்து மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டி வருகிற மீன் வியாபாரிகள்தான் என் பிழைப்பு. பாரத்துக்கு ரயர் அமுங்கக் கூடாதென்று, "கல்லு மாதிரி அடியுங்கோ" என்பார்கள். விடியக் குளிரில் கல்லாக அடித்த ரயரை மத்தியானம்வரை சந்தை வாசலில், கொதிக்கிற தாரில் விட்டுவிடுவார்கள்.

அவர்களில் மூத்தவர் ஒருவர். அவர் போகிற கடைக்குத்தான் மற்றவர்களும் போவார்கள். ஒருநாள் காற்றை ஐம்பது அளவுக்கு அடிக்கச் சொன்னார். வாயை மூடிக்கொண்டு அடித்தேன். என் பிழைதான், ஒத்துக்கொள்கிறேன். மத்தியானம் ரயர் வெடித்து, ஐஸும் மீனும் றோட்டில் சிதறின.

"பொம்பிளை அடிச்ச காத்து, வேறை என்ன நடக்கும்!" என்று சந்தை முழுக்கக் கேட்கக் கத்தினாராம். மூன்று நாள் ஒரு மீன்பெட்டியும் என் கடைப்பக்கம் வரவில்லை. இப்படியே போனால் கடையைப் பூட்ட வேண்டியதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே சந்தைக்குப் போனேன்.

"அண்ணை, காத்திலை ஆம்பிளைக் காத்து, பொம்பிளைக் காத்து எண்டு இருக்கோ? நாளைக்கு விடிய வாங்கோ, காட்டுறன்."

வீம்புக்கென்றே வந்தார். புது ரயரில் முப்பது அடித்து, காற்றளக்கும் கேஜில் அவரையே பார்க்கச் சொன்னேன்.

"நீ பிறகு களவாய் அடிப்பாய், தங்கச்சி."

"அப்ப நீங்களே கட்டுங்கோ."

வால்வின் மேல் துணி சுற்றி, மீன்பெட்டிக்குப் போடுகிற தன் முடிச்சைப் போட்டார். அவர் முடிச்சை அவர்தான் அவிழ்ப்பார்; சந்தைக்கே தெரியும். மோட்டார் சைக்கிளை என் கடை வாசல் வெயிலில் நிறுத்திவிட்டு, பெட்டியை இறக்கிக்கொண்டு மீன் விற்கப் போனார்.

மத்தியானம் வந்து தானே அவிழ்த்தார். கேஜ் முப்பத்து நாலு காட்டியது.

"ஆர் அடிச்சது?"

"வெயில்."

பம்பின் வாயைப் பெருவிரலால் அடைத்து அமத்தினால், காற்று ஒடுங்கி எவ்வளவு இறுக்கமாகத் திருப்பித் தள்ளும் என்று இந்தத் தொழிலில் தினமும் பார்க்கிறேன். சூடேறினாலும் அதே கதைதான். பலூன் என்றால் பெருத்துச் சமாளிக்கும். ரயருக்குப் பெருக்க இடமேது? உள்ளே இறுக்கம்தான் ஏறும். முப்பதுக்கே நாலு ஏறினால், ஐம்பதை அடித்துப் பாரமும் ஏற்றிய தேய்ந்த ரயர் என்ன செய்யும்? அதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். தாடையைச் சொறிந்தார்.

"சரி, விடு தங்கச்சி. பிழை என்னிலைதான்."

"இஞ்சை சொல்லி என்ன பிரயோசனம்? சந்தையிலை கத்தினதைச் சந்தையிலையே மாத்திக் கத்துங்கோ. அதுவரைக்கும் உங்களுக்கு இந்தக் கடையிலை காத்து இல்லை."

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். அன்று பின்னேரம் முழுக்க, வாய்க்கொழுப்பால் கடையை நானே மூடிவிட்டேனோ என்று பயந்தேன். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் கடை திறக்கப் போகும்போதே வாசலில் நாலு மீன்பெட்டிகள் நின்றன. முதலாவதாக நின்றவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்:

"அக்கா, மூத்த அண்ணை சந்தையிலை கத்துறார், முப்பது போதுமாம்."