மேலே கிடந்த கல்

திருச்சுழிப் பக்கம் ஒரு கல்குவாரியில் அவர் வாட்ச்மேன். ஒல்லியான மனிதர், புருவத்தில்கூடக் கல்தூசி. ஆய்வுக்காகக் கல் மாதிரி எடுக்கப் போயிருந்த என்னை அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிடக் கூடவே நடந்து வந்தார். தார் ரோடு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பங்குனி வெயிலில் தார் இளகிக் கிடந்தது. பக்கத்தில் கோயில் எதுவும் இல்லை.

பேச்சுக்காகச் சொன்னேன். “உங்க குவாரிக் கல்லுக்கு சார்னோக்கைட்னு பேரு. கல்கத்தாவுல ஒரு வெள்ளைக்காரர் சமாதி மேல இந்த வகைக் கல்லத்தான் வச்சாங்க. பின்னாடி அவர் பேரையே கல்லுக்கு வச்சுட்டாங்க.”

அவர் நின்றுவிட்டார்.

“மேல கெடந்த கல்லுக்கு அவுக பேரா சார்?”

“ஆமா.”

“எந்தம்பி மேலயும் இதே கல்லுதான் சார் சரிஞ்சுச்சு. அவன் ஒடம்ப எடுத்துட்டோம். அவன் ரத்தம் பட்ட கல்ல கிரஷர்ல ஒடச்சு இந்த ரோட்டுக்குத்தான் போட்டாக. எந்த எடத்துல கெடக்குன்னு தெரியல. அதான் செருப்போட மிதிக்கிறதில்ல.”

பஸ் வந்துவிட்டது. தம்பியின் பெயரைக் கேட்க நேரமில்லை.

இப்போதும் அந்த ரோட்டில் பஸ் திரும்பினால், உட்கார்ந்திருக்கும் என் கால்கள் தாமாகவே செருப்பைவிட்டு வெளியே வந்துவிடுகின்றன.